தனித்தனி ட்ராக்கில் இசைப்பதிவும் கலவையும்: சேலம், ஏற்காடு வட்டாரக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கூத்து, பஜனை, நாகஸ்வரம், பறை, மெல்லிசை எனப் பல வகை இசையைச் செய்பவர்கள் தம் பாட்டைத் தாமே பதிந்துகொள்ள விரும்பும்போது எழுப்புகிற கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் விடை எழுதியிருக்கிறேன். பெரிய ஸ்டுடியோவை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஓர் அறை, ஒரு மடிக்கணினி, இரண்டு முதல் எட்டு மைக்குகள் என்ற அளவில் வேலை செய்பவர்களுக்கே இது பயன்படும்.

தனித்தனி ட்ராக்கில் பதிவது என்றால் என்ன? அதனால் என்ன பயன்?

ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு கருவியையும் தனிக் கோப்பாகப் பதிந்து வைத்து, பிறகு அவற்றின் அளவையும் இடத்தையும் தொனியையும் சரிசெய்து ஒரே பாட்டாகச் சேர்ப்பதே இந்த முறை. ஒரே மைக்கின் முன் எல்லோரும் உட்கார்ந்து பாடினால், பாடகரின் குரல் தாழ்ந்தும் தவில் ஓங்கியும் பதிந்துவிட்ட பின் அதை மாற்ற வழியில்லை. தனி ட்ராக்கில் இருந்தால் தவிலை மட்டும் குறைக்கலாம், பாடகர் தவறவிட்ட ஓர் அடியை மட்டும் மறுபடி பாடச் செய்யலாம், ஊரில் இல்லாத புல்லாங்குழல்காரர் அடுத்த வாரம் வந்து தம் பகுதியைச் சேர்க்கலாம்.

இழப்பும் உண்டு. ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பவர்கள் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு நடையைச் சற்று இழுப்பதும் விடுவதும் தனித்தனி அறைகளில் நடக்காது. ஆகவே எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்காமல் விடுவது என்ற முடிவுதான் இந்த வேலையில் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். மென்பொருளும் மைக்கும் அதற்கு அடுத்தபடியே.

இந்த முறை எப்போது வந்தது? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் எப்படிப் பதிந்தார்கள்?

டி. ஆர். சுந்தரம் 1935-இல் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1938-இல் முதல் மலையாளப் பேசும்படத்தை எடுத்த நிறுவனம். அதன் நுழைவு வளைவு இன்றும் அந்தச் சாலையில் நிற்கிறது. தமிழ்ப் பேசும்படங்களின் முதல் ஆண்டுகளில், நடிப்பவரே கேமராவின் முன் பாடுவார்; பக்கவாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே, மைக்குக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒலி, ஒளியின் ஏற்றத்தாழ்வாகப் பிலிமில் பதியும். பின்னணிப் பாட்டு 1930-களின் இறுதியில் தமிழுக்கு வந்த பிறகும், பாடகரும் இசைக்குழுவும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் வாசித்துப் பதிவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. யாருடைய ஒலி ஓங்க வேண்டும் என்பதை, மைக்கிலிருந்து யார் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதைக் கொண்டே முடிவு செய்தார்கள்.

அமெரிக்காவில் கிட்டார் கலைஞர் லெஸ் பால், தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தம் வாசிப்பைச் சேர்த்துப் பதியும் சோதனைகளை 1940-களிலேயே செய்தார். அந்த வழியில் ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் இரைச்சல் கூடும். முன் அடுக்கில் இருக்கும் பிழையைப் பின்னர் திருத்தவும் முடியாது. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957-இல் அவருக்குக் கொடுத்த எட்டு ட்ராக் நாடாக் கருவி இந்த இரண்டு குறைகளையும் நீக்கியது. ஒரே நாடாவில் பக்கம்பக்கமாக எட்டுப் பாதைகள், ஏற்கெனவே பதிந்ததைக் காலம் பிசகாமல் கேட்டுக்கொண்டே அடுத்த பாதையில் பதியும் வசதி. இன்று மடிக்கணினித் திரையில் காணும் வரிசைகள் அந்த நாடாப் பாதைகளின் வழிவந்தவையே.

எல்லாக் கருவிகளையும் தனித்தனியாகத்தான் பதிய வேண்டுமா?

வேண்டியதில்லை, சிலவற்றைப் பிரிக்கவே கூடாது. நாகஸ்வரமும் தவிலும் அப்படிப்பட்ட இணை. தவில்காரர் தம் சொற்கட்டை நாகஸ்வரக்காரர் விடும் இடைவெளியில் வைக்கிறார். நாகஸ்வரக்காரர் அந்தச் சொல்லுக்கு விடைபோல அடுத்த பிடியை எடுக்கிறார். முதலில் நாகஸ்வரத்தை மட்டும் பதிந்து, மறுநாள் தவிலைச் சேர்த்தால், தாளம் சரியாக இருக்கும், உரையாடல் இருக்காது. இவர்கள் இருவரையும் ஒரே அறையில், ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்காரவைத்து, ஆளுக்கொரு மைக் வைத்து, ஒரே நேரத்தில் இரண்டு ட்ராக்கில் பதிய வேண்டும். தவிலின் ஒலி நாகஸ்வர மைக்கிலும் கொஞ்சம் விழும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மைக்குக்கும் அதன் கருவிக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரமாவது அடுத்த மைக் தள்ளி இருந்தால், அந்தக் கசிவு கலவையைக் கெடுக்காது. நாகஸ்வர மைக் 80 சென்டிமீட்டரில் நின்றால், தவில் மைக் அதிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

தெருக்கூத்துக்கும் இதுவே பொருந்தும். சேலம், தர்மபுரி வட்டாரக் கூத்தில் ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், தாளம், பின்பாட்டு எல்லாம் கூத்தாடியின் அடவைப் பார்த்தே நடை மாற்றுகின்றன. கட்டியங்காரன் ஒரு வசனத்தை நீட்டினால் மிருதங்கம் காத்திருக்கும். ஆட்டமில்லாமல் இசையை மட்டும் தனித்தனியாக வாங்கினால், யாருக்காகக் காத்திருப்பது என்பதே வாசிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். கூத்தை முழுக்குழுவாக, பல மைக்குகளில், ஒரே ஓட்டத்தில் பதிவதுதான் முறை. பின்பாட்டை மட்டும் கூடுதலாக ஒருமுறை தனியே பாடவைத்து, முதல் பதிவின் மேல் மெல்லிய அடுக்காகச் சேர்த்தால் கூட்டத்தின் கனம் கிடைக்கும்.

பிரித்துப் பதியத் தக்கவை: கீபோர்டு, கிட்டார், தம்புரா, மோர்சிங், கஞ்சிரா போன்ற சேர்க்கைகள், மெல்லிசைப் பாட்டின் முதன்மைக் குரல், சேர்ந்திசைக் குரல்கள். மிருதங்கம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. எழுதி வைத்த மெல்லிசைக்கு அதைத் தனியே பதியலாம்; கீர்த்தனைக்கும் விருத்தத்துக்கும் பாடகரோடு சேர்த்தே பதிய வேண்டும்.

தொடங்குவதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

இரண்டு மைக் உள்ளீடு கொண்ட ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி), குரலுக்கு ஒரு கண்டென்சர் மைக், தோற்கருவிகளுக்கு ஒரு டைனமிக் மைக், வெளியே ஒலி கசியாத மூடிய ஹெட்ஃபோன் இரண்டு, கனமான ஸ்டாண்டு, நல்ல கேபிள். கண்டென்சர் மைக் இயங்க இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் தரவேண்டும். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. கூத்துக் குழுவையோ பஜனைக் குழுவையோ பதிய எட்டு உள்ளீடு வேண்டும். அதை வாங்குவதைவிட, பதிவு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது நல்லது.

மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். எளிய வேலைக்குப் போதும். ஆர்டர், ரீப்பர், கியூபேஸ், லாஜிக் ஆகியவற்றில் கலவைக்கான வசதிகள் மிகுதி. எதைக் கற்றாலும் ஒன்றையே ஆழமாகக் கற்க வேண்டும். கருவிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அறைக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை. சாதாரண மைக் நல்ல அறையில் தரும் ஒலியை, விலையுயர்ந்த மைக் எதிரொலிக்கும் அறையில் தராது.

மாதிரி எடுக்கும் வீதம் (சாம்பிள் ரேட்) எவ்வளவு, எத்தனை பிட்டில் பதிவது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் எடுக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பத்து ட்ராக் என்றால் சுமார் 430 மெகாபைட். எம்பி3-யில் பதியாதீர்கள்.

வீட்டு அறையில் பதியும்போது தறிச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் வருகின்றன. என்ன செய்வது?

அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி போன்ற பகுதிகளில் வசிப்பவர்கள் இதை மிகுதியாகக் கேட்கிறார்கள். விசைத்தறியின் ஓசை காற்று வழியாக மட்டுமன்றித் தரை வழியாகவும் அதிர்வாக வருகிறது. ஜன்னலை அடைத்தால் காற்று வழி வருவது குறையும். தரை வழி வருவதற்கு மைக் ஸ்டாண்டின் அடியில் தடித்த ரப்பர் அல்லது நுரைப் பாய் போடவேண்டும், மைக்கை அதிர்வு தாங்கும் தொங்கு பிடியில் மாட்டவேண்டும். எஞ்சியிருக்கும் அடித்தொனி இரைச்சலைக் குரல் ட்ராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி நீக்கிவிடலாம். தறி ஓடாத நேரத்தைக் கேட்டறிந்து அந்த நேரத்தில் குரலை மட்டும் பதிவது இவை எல்லாவற்றையும்விட எளிது. தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்பது முறையன்று. அது அடுத்த வீட்டின் பிழைப்பு.

மின்விசிறியைப் பொறுத்தவரை, டேக் (ஒருமுறை பாடியோ வாசித்தோ பதியும் ஓட்டம்) ஓடும்போது நிறுத்திவிட்டு, டேக்குகளுக்கு இடையில் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்து வெயிலில் மூடிய அறையில் ஒருவர் தொடர்ந்து பாட முடியாது என்பதால், குரல் பதிவை விடியற்காலையில் வைத்துக்கொள்வது பாடகருக்கும் நல்லது, மிருதங்கத்துக்கும் நல்லது. வெப்பத்தில் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது முகத்தில்) அப்பிய ரவை விரைவில் காய்ந்து, அதன் ஆழ்ந்த நாதம் மாறிவிடும்.

எதிரொலிக்குப் பலர் முட்டை அட்டையை ஒட்டுகிறார்கள். அது உச்சத்தொனியை மட்டும் சற்றுக் கலைக்கும். குரலின் நடுத்தொனி, அடித்தொனி எதிரொலி அப்படியே இருக்கும். கனமான பவானி ஜமுக்காளங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டு, பாடகரின் முதுகுப் பக்கம் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவைத்தால் வேறுபாடு உடனே தெரியும். அடித்தொனிக்கு இதுவும் போதாது, ஏனெனில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். பத்துக்குப் பத்து அடி அறையில் 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி இரு திசையிலும் ஒரே அளவில் பெருகும். நீளமும் அகலமும் வேறுபட்ட அறை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சார்ஜரைச் செருகியதும் உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் எர்த் கோளாறு. பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் மின் இணைப்பைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடுங்கள்.

அமைதிக்காக ஏற்காட்டில் ஒரு வீட்டில் பதியலாமா?

பதியலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் வாகன இரைச்சல் குறைந்துவிடும். கோடை விழா நடக்கும் மே மாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரவில் காப்பித் தோட்டங்களில் சில்வண்டுகள் எழுப்பும் ஒலி, பெரும்பாலும் குரலின் உச்சத்தொனிக்கு அருகில் இருப்பதால், பின்னர் வெட்டி எடுக்க இயலாது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு பதிவதே சிறந்தது.

அங்கே கவனிக்கவேண்டிய முதன்மையான விஷயம் சுருதி. ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும்: 15 பாகை செல்சியஸில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், 35 பாகையில் சுமார் 352 மீட்டர். குழல் வாத்தியங்களின் சுருதி குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், கணக்குப்படி இந்த வேறுபாடு அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல் வரும். வாசிப்பவரின் மூச்சு குழலை வெப்பப்படுத்துவதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனாலும் காது கண்டுகொள்ளும் அளவுக்கு வரும். தந்தி வாத்தியங்களோ இதற்கு நேர்மாறு. வெயிலில் தந்தி நீண்டு தளர்வதால் சுருதி இறங்கும், குளிரில் இறுகி ஏறும். சேலத்தில் மதியம் பதிந்த வயலினும் ஏற்காட்டில் காலையில் பதிந்த புல்லாங்குழலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். மாறாத சுருதியுள்ள மின்னணுத் தம்புராவை முதல் ட்ராக்காகப் பதிந்து, எந்த ஊரில் யார் வாசித்தாலும் அதைக் கேட்டே சுருதி சேர்க்கச் செய்தால் இந்தச் சிக்கல் எழாது. புல்லாங்குழலைப் பத்து நிமிடமாவது வாசித்துச் சூடேற்றிய பிறகே பதிவுக்குப் போகவேண்டும்.

பனிமூட்டத்தில் தோல் ஈரம் வாங்கிப் பறை தளர்ந்துவிடும். தீயில் காய்ச்சினால் இறுகும். ஆறும்போது மறுபடி இறங்கும். முதல் டேக்கின் பாதியையும் ஐந்தாம் டேக்கின் பாதியையும் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் பறையின் தொனி மாறுவது தெளிவாகக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஒரே அளவு காய்ச்சி, ஒரு பகுதியை முழுமையாக ஒரே டேக்கில் எடுத்துவிட வேண்டும்.

க்ளிக் வைத்துத்தான் வாசிக்கவேண்டுமா?

க்ளிக் என்பது வேகம் பிசகாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஒலிக்கும் தாளத் தட்டு. கீபோர்டு, புரோகிராமிங் சேரும் மெல்லிசைக்கு அது வேண்டும். அதையும் வெறும் நான்கு நான்காக வைக்காமல் தாளத்தின் அங்கத்துக்கேற்ப வையுங்கள்: ஆதி தாளத்துக்கு 4, 2, 2 என்று ஒன்று, ஐந்து, ஏழு ஆகிய எண்ணிக்கைகளில் அழுத்தம், மிஸ்ரசாபுக்கு 3, 4, கண்டசாபுக்கு 2, 3. அப்போது வாசிப்பவருக்குத் தாம் ஆவர்த்தனத்தில் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும்.

கூத்துப் பாட்டுக்கும், பறையாட்டத்துக்கும், நாமசங்கீர்த்தனத்துக்கும் க்ளிக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இவற்றில் காலப்பிரமாணம் ஏறிக்கொண்டே போவது இசையின் உள்ளடக்கம். அதைக் க்ளிக்கில் கட்டினால் கடைசிச் சரணம் வரும்போது எழவேண்டிய வேகம் எழாது. அதற்குப் பதிலாக, தலைமைப் பாடகரும் ஆர்மோனியமும் ஜால்ராவும் சேர்ந்து ஒருமுறை முழுப் பாட்டையும் வழிகாட்டிப் பதிவாகக் கொடுக்கட்டும். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தம் பகுதிகளைப் பதியட்டும். பின்னால் கீபோர்டு சேர்க்கவேண்டுமானால், அந்த வழிகாட்டிப் பதிவின் வேகத்தையே மென்பொருளில் ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஆர்மோனியம் இருக்கும் பதிவில் சுருதிக்கும் அதுவே அளவுகோல். பழைய ஆர்மோனியங்களின் கட்டை, கீபோர்டின் கட்டையோடு அப்படியே பொருந்துவதில்லை. ஆர்மோனியத்தின் ஆதார ஷட்ஜத்தை ட்யூனரில் அளந்து, தம்புராவையும் கீபோர்டையும் அந்த அளவுக்கு மாற்றுங்கள்; ஆர்மோனியத்தை மாற்ற முடியாது.

ஹெட்ஃபோனில் என் குரல் தாமதமாகக் கேட்கிறதே?

கணினி ஒலியைச் சிறு துண்டுகளாக வாங்கிக் கையாள்வதால் வரும் தாமதம் அது. 48 கிலோஹெர்ட்ஸில் 1,024 மாதிரிகள் கொண்ட பஃபர் (அந்தத் துண்டின் அளவு) ஒரு வழிக்கே 21 மில்லிநொடி எடுக்கும். 128 என்று குறைத்தால் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. பதியும்போது குறைத்தும் கலக்கும்போது கூட்டியும் வையுங்கள். இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டர் (கணினி வழியாகப் போகாமல் குரலை நேரே ஹெட்ஃபோனுக்குத் தரும்) பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது.

மைக்கை எங்கே வைப்பது? எந்த அளவில் பதிவது?

குரலுக்கு வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் காற்றுத் தடுப்பு. நாகஸ்வரத்தின் ஒலி அணைசிலிருந்து (குழலின் விரிந்த முனையிலிருந்து) மட்டுமன்றி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணைசுக்குள் மைக்கை நீட்டினால் சில சுரங்கள் அலறும், சில மங்கும். முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி வைப்பது நல்லது. வீணைக்குக் குடத்தின் மேற்பலகைக்கு மேலே. வயலினுக்கு ஒன்றரை முழ உயரத்தில். புல்லாங்குழலுக்கு ஊதும் காற்று நேரே படாதவாறு சற்றுச் சாய்த்து.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்தால், ஒரு முகத்தைத் தட்டும்போது அது உள்ளே போக, உள்ளிருக்கும் காற்று மறுமுகத்தை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் எதிரெதிராகப் பதிவதால், சேர்த்துக் கேட்கும்போது அடித்தொனி மெலிந்துபோகும். ஒரு ட்ராக்கின் துருவத்தை மாற்றும் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைந்து ஒலிக்கிறதோ அதுவே சரி. ஒரே குரல் இரண்டு மைக்குகளில் சற்று வெவ்வேறு தூரத்தில் விழும்போதும் இத்தகைய சேதம் உண்டு: ஒரு மில்லிநொடி வேறுபாடு, அதாவது சுமார் 34 சென்டிமீட்டர், 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி தோண்டிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, உச்சம், மென்பொருளின் அளவுமானியில் மேல் எல்லையான பூஜ்யத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் கீழேயே நிற்கட்டும். 24 பிட்டில் இதனால் இரைச்சல் கூடாது. தவிலும் பறையும் ஒத்திகையைவிடப் பதிவில் ஓங்கி ஒலிக்கும், ஏனெனில் வாசிப்பவருக்கு அப்போதுதான் ஊக்கம் வருகிறது. அந்த ஊக்கத்துக்கு இடம் விட்டு வையுங்கள். பூஜ்யத்தில் முட்டிச் சிதைந்த அடியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

கலவையை எங்கிருந்து தொடங்குவது?

எந்த விளைவையும் சேர்க்காமல், அளவுகளிலிருந்து தொடங்குங்கள். எல்லா ஃபேடரையும் (ட்ராக்கின் அளவை ஏற்றி இறக்கும் நகர்த்திகளை) இறக்கிவிட்டு, முதலில் குரலை ஏற்றி, அதற்குத் தாளம் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சேர்த்து, பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். தம்புரா கேட்டும் கேட்காமலும் இருக்கவேண்டும்: நிறுத்தினால் குறை தெரியவேண்டும், ஓடும்போது கவனத்தை இழுக்கக் கூடாது. இதை மெல்லிய ஒலியில், ஒரே ஸ்பீக்கரில் கேட்டுச் செய்யுங்கள். ஓங்கிய ஒலியில் எல்லாக் கலவையும் நன்றாகவே தோன்றும்.

தொனித் திருத்தத்தில் கூட்டுவதைவிடக் குறைப்பதே பெரும்பாலும் பலன் தரும். குரல் மங்கலாக இருக்கிறது என்று குரலின் உச்சத்தொனியைக் கூட்டுவதற்கு முன், ஆர்மோனியத்தில் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். வல்லின எழுத்துகள் தாமாகவே தெளிந்து வரும். தமிழ்ப் பாட்டில் சாகித்தியம் புரியவேண்டும். சொல் புரியாத கலவை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வேலை முடியவில்லை என்றே பொருள். கேட்டுப் பழகிய நம் காது சொற்களை நிரப்பிக்கொள்ளும் என்பதால், பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரை உட்காரவைத்துச் சரணத்தின் வரிகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓங்கிய ஒலியை அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் மென்மையாக வையுங்கள். பிருகாக்கள் வேகமாக ஏறி இறங்கும் இடங்களில், கடுமையான கம்ப்ரஸர் எல்லாச் சுரங்களையும் ஒரே கனத்தில் தட்டையாக்கிவிடும். அடி அடியாகக் கேட்டு ஃபேடரைக் கையால் ஏற்றி இறக்கிப் பதிவு செய்வது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் கர்நாடக இசைக்கும் நாட்டார் இசைக்கும் அதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

இடம் ஒதுக்குவதற்குக் கச்சேரி மேடையே நல்ல வரைபடம். குரல் நடுவில்; கேட்பவர் பக்கமிருந்து பார்க்க மிருதங்கம் சற்று இடது, வயலின் சற்று வலது; தம்புரா இரு பக்கமும் பரவலாக. பறை, பம்பை போன்றவற்றின் அடித்தொனி நடுவிலேயே இருக்கட்டும்.

ரீவெர்ப் எவ்வளவு சேர்க்கலாம்?

ரீவெர்ப் என்பது கூடத்தின் எதிரொலி போன்ற ஒலியைச் சேர்க்கும் விளைவு. விளம்ப காலப் பாட்டுக்கு ஒன்றரை நொடியளவு நீளம் பொருந்தும். துரித காலத்தில் அதே நீளம் சொற்கட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனி ரீவெர்ப் போடாமல், பொதுவான ஒன்றை வைத்து எல்லா ட்ராக்கையும் அதற்குச் சிறிதளவு அனுப்புங்கள். வேறு வேறு நாளில் பதிந்த ட்ராக்குகளை ஒரே கூடத்தில் வாசித்ததுபோல் சேர்த்துவைப்பது இதுதான். கல் மண்டபமோ மலைமேல் பழைய பங்களாவின் கூடமோ அனுமதியோடு கிடைத்தால், பதிந்த குரலை அங்கே ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்து, தூரத்தில் மைக் வைத்து அந்த எதிரொலியை மட்டும் ஒரு ட்ராக்காகப் பதிந்து சேர்க்கலாம்.

ஆட்டோட்யூன் பயன்படுத்தலாமா?

தானியங்கி நிலையில் வேண்டாம். அது ஒவ்வொரு ஒலியையும் பன்னிரண்டு சுரத்தானங்களுள் ஒன்றுக்கு இழுக்கும். கமகமோ அந்தத் தானங்களுக்கு இடையில் வாழ்வது. தோடியின் காந்தாரத்தை நேராக்கினால் ராகமே போய்விடும். தனி ஒரு நீள்சுரம் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கையால் திருத்தலாம். பாடகர் அருகில் இருந்தால் மறுபடி பாடச் சொல்வது அதைவிட நல்லது.

யூடியூபுக்கும் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கும் ஒரே கலவை போதுமா?

போதாது. யூடியூப், சராசரி உரப்பு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு மேலிருந்தால் அதைக் குறைத்தே ஒலிக்கச் செய்கிறது. ஆகவே மாஸ்டரிங்கில் (கலவை முடிந்தபின் செய்யும் இறுதித் திருத்தத்தில்) நசுக்கி உரப்பைக் கூட்டுவதால் பயனில்லை. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தை விட்டுவையுங்கள். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் குழாய் ஸ்பீக்கரில் ஒலிக்கவேண்டிய பாட்டுக்குத் தனியாக ஒரு மோனோ கலவை செய்யுங்கள். குழாயில் அடித்தொனி வராது, நடுத்தொனி கூர்மையாக வரும். பறையின் கனத்தை நம்பாமல் அதன் குச்சி ஓசையை முன்னே கொண்டுவந்து, குரலில் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுத் தணித்தால் காதைக் குத்தாது.

பாடிக் கொடுத்த கிராமியக் கலைஞர்களுக்கு என்ன உரிமை?

பாட்டு மரபுப் பாட்டாக இருக்கலாம். ஆனால் அதைப் பாடிய விதம் பாடியவருடையது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு நிகழ்த்துகலைஞருக்கு 50 ஆண்டு உரிமை அளிக்கிறது. பதிவுக்கு முன்பே, எங்கே வெளியாகும், பெயர் எப்படி வரும், பணம் எப்படிப் பங்கிடப்படும் என்பவற்றைத் தமிழில் எழுதிப் படித்துக்காட்டி ஒப்பம் பெறுங்கள். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டைப் பதிபவர்கள், பாடுபவரிடம் மட்டுமன்றி ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டு பதிவதே முறை. தனி ட்ராக் முறையில் ஒருவர் குரலை மட்டும் எடுத்து வேறொரு பாட்டில் பயன்படுத்துவது எளிது என்பதால், அதற்குத் தனி அனுமதி தேவை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடவேண்டும்.

கலப்பவரிடம் கோப்புகளை எப்படிக் கொடுப்பது?

எல்லா ட்ராக்கும் பாட்டின் தொடக்கமான ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும் வேவ் கோப்புகளாக இருக்கட்டும். இல்லையென்றால் எது எங்கே சேரும் என்பது அவருக்குத் தெரியாது. கோப்புப் பெயரில் கருவி, மைக் இடம், டேக் எண் ஆகியவற்றை எழுதுங்கள். சுருதி, தாளம், பாட்டின் வரிகள் ஆகியவற்றையும் உங்கள் தற்காலிகக் கலவை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மூலப் பதிவுகளை வெவ்வேறு இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். பாட்டு வெளியான பிறகும் அவற்றை அழிக்காதீர்கள். பாடிய முதியவரின் பேரப்பிள்ளைகள் பின்னொரு நாளில் வந்து அவர் குரலை மட்டும் தனியே கேட்க விரும்பினால், அதைத் தனியே எடுத்துக் கொடுக்க இந்த மூலப் பதிவு வேண்டும்.